மைட்டர் ரம்பத்துக்கு ஒரு ஸ்டாண்டு: கார் போர்ச்சில் வேலை செய்பவரின் குறிப்புகள்

கட்டைகளை நேராகவும் கோணமாகவும் குறுக்கே அறுக்கும் மின்ரம்பமான மைட்டர் ரம்பத்தை வாங்கப் போகிறவர்கள் அதன் வாட் எவ்வளவு, பிளேடு 10 அங்குலமா 12 அங்குலமா, எத்தனை பாகை வரை சாயும் என்றெல்லாம் கடையில் நுணுக்கமாக விசாரிக்கிறார்கள். அதை எதன்மேல் வைத்து அறுப்பது என்ற கேள்வி மட்டும் பெரும்பாலும் பெட்டியைப் பிரித்த பிறகுதான் எழுகிறது. ரம்பத்தைத் தரையில் வைத்து, குந்தி உட்கார்ந்து, கட்டையின் மறுமுனைக்கு ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்து அறுப்பதைக் கட்டுமானத் தளங்களில் இன்றும் பார்க்கலாம். கூரைச் சட்டத்துக்கு அது போதும். நான்கு மூலையும் இடுக்கு இல்லாமல் பொருந்த வேண்டிய சாமி மேடைக்கு அது போதாது.

பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் நீண்ட காலம் இயந்திரப் பராமரிப்பு வேலையில் இருந்துவிட்டு, இப்போது பாயான் பாருவில் உள்ள எங்கள் வீட்டின் கார் போர்ச்சில் சாமி மேடை, புத்தக அலமாரி, கதவு நிலை ஆகியவற்றைக் கேட்டவர்களுக்குச் செய்து கொடுக்கிறேன். காலையில் கார் வெளியே போனதும் போர்ச் பட்டறையாகும்; மாலையில் மகள் வேலை முடிந்து திரும்புவதற்குள் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட வேண்டும். ஸ்டாண்டு பற்றிய என் கருத்துகள் இந்த நெருக்கடிக்குள் உருவானவை என்பதால், தனிப் பட்டறை வைத்திருப்பவர்கள் இவற்றில் சிலவற்றைத் தாராளமாகத் தள்ளிவிடலாம்.

ஸ்டாண்டு சுமக்க வேண்டிய பாரங்களில் முதலாவது கட்டைதான்; ரம்பம் அதற்கு அடுத்துத்தான் வருகிறது. தலை முன்னும் பின்னும் நகரும் 10 அங்குல ஸ்லைடிங் ரம்பங்கள் பெரும்பாலும் 20 கிலோவுக்கு மேல் இருக்கும், ஆனால் அது ஓரிடத்தில் அசையாமல் நிற்கும் பாரம். கட்டையின் கதை வேறு. செங்கால் மரம் ஒரு கன மீட்டருக்கு 900 கிலோவைத் தாண்டும் கனமுள்ளது. பலகைக் கடையில் வாங்கும் 2க்கு 4 அங்குலச் செங்கால் கட்டை, 12 அடி நீளத்தில், ஏறத்தாழ 17 கிலோ இருக்கும். அதன் நுனியில் ஓரடி நறுக்க வேண்டுமென்றால் மீதி 11 அடியில் பெரும்பகுதி ரம்பத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ரம்பத்தின் தளமோ பெரும்பாலும் இரண்டடி அகலந்தான். கையால் அழுத்திப் பிடித்துச் சமாளிக்கலாம் என்று தோன்றும். ஆனால் அப்படி அழுத்துகிற கை மெல்ல மெல்லப் பிளேடை நோக்கி நகரும் என்பதும், அழுத்தம் தளர்ந்த நொடியில் கட்டையின் வால் தரையை நோக்கிப் பாயும் என்பதும் இந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஆகவே ரம்பத்தின் இரு பக்கமும் கட்டையைத் தாங்குவதற்கு என்ன இருக்கிறது என்பதைப் பார்த்தே ஒரு ஸ்டாண்டை மதிப்பிட வேண்டும்.

இந்தப் பக்கத் தாங்கிகளின் உயரம் தான் முழு விஷயத்தின் உயிர்நாடி என்பேன். தாங்கி ரம்பத் தளத்தைவிட உயர்ந்திருந்தால், கட்டை தளத்தில் முழுமையாகப் படியாமல் ஒரு பக்கம் தூக்கி நிற்கும். கண்ணுக்கு இது தெரியாது. ஒரு மீட்டருக்கு 2 மி.மீ. தூக்கி நின்றாலே, 100 மி.மீ. உயரமுள்ள கட்டையின் வெட்டுமுகம் 0.2 மி.மீ. சாய்ந்துவிடும், அப்படிச் சாய்ந்த இரு முகங்கள் ஒரு மூலையில் சேரும்போது இடுக்கு 0.4 மி.மீ. ஆகும். வார்னிஷ் அடித்த பிறகு அது ஒரு கறுப்புக் கோடாகத் தெரியும். இந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு ரம்பத்தின் கோண அளவுகோலைச் சந்தேகித்து, சரியாக இருந்த திருகுகளையெல்லாம் தளர்த்தி, நல்ல ரம்பத்தைக் கோணலாக்கியவர்களை எனக்குத் தெரியும்.

பொருத்தம் கெடுவதோடு இது நிற்பதில்லை. இரு பக்கத் தாங்கிகளும் உயர்ந்திருந்தால், வெட்டு முடியும் தறுவாயில் இரண்டு துண்டுகளும் நடுவில் தொய்ந்து, வெட்டுவாயின் மேற்புறம் குறுகிப் பிளேடைக் கவ்விக்கொள்ளும். நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்றுச் சுழலும் பிளேடு கவ்வப்பட்டால் ஒன்று ரம்பத்தின் தலை மேலே எகிறும், அல்லது கட்டையைப் பிடுங்கி வீசும். தாங்கி மிகச் சிறிதளவு தாழ்ந்திருந்தால் வெட்டுவாய் மேலே விரியுமே தவிரக் கவ்வாது. சமமாக இருப்பது நல்லது. சமம் கிடைக்காவிட்டால் ஒரு தாள் கனம் தாழ்ந்திருக்கலாம், உயர்ந்திருக்கக் கூடாது. அதற்காக அரை அங்குலம் தாழ்த்திவிட்டு நிம்மதியாக இருக்கவும் முடியாது. அப்போது நீளமான கட்டை தாங்கியில் போய்ப் படிவதற்காக ரம்பத் தளத்தின் ஒரு விளிம்பிலிருந்து எழும்பி நிற்கும்.

கடையில் விற்கும் ஸ்டாண்டுகள் இரண்டு வகை. மடக்கும் கால்களும் இருபுறமும் இழுத்து நீட்டும் குழாய்களும் உள்ளவை ஒரு வகை. சக்கரம் வைத்து, பாரத்தோடேயே சாய்த்து நிமிர்த்தும்படி அமைந்த பெரியவை மற்றொரு வகை. மக்கிட்டா, டிவால்ட், பாஷ் போன்ற நிறுவனங்களின் ஸ்டாண்டுகளில் ரம்பத்தைப் பிடித்துக்கொள்ளும் தாங்கிச் சட்டங்களைக் கழற்றி மாட்டும் வசதி மிகச் சிறப்பாக இருக்கிறது. வீடு வீடாகப் போய்ச் சுவரடிப் பட்டை அடிப்பவர்களுக்கும், தரைப்பலகை போடுபவர்களுக்கும் நான் தயங்காமல் அதைத்தான் வாங்கச் சொல்வேன். லாரியில் ஏற்றி இறக்கும் வாழ்க்கைக்கு வீட்டில் செய்த ஸ்டாண்டு ஒத்துவராது. ஆனால் ரம்பம் ஒரே வீட்டில் இருக்கப் போகிறது என்றால், அந்தக் குழாய்களின் நுனியில் இருக்கும் ஒற்றை உருளையோ சிறு தட்டோ எனக்குத் திருப்தி தருவதில்லை. நுனியில் மட்டும் தாங்கினால், நடுவில் வளைவுள்ள மெராந்திப் பலகை வளைந்தபடியேதான் கிடக்கும். குட்டையான துண்டு அந்த நுனி வரை எட்டவே எட்டாது. மேலும், முழுவதும் நீட்டிய குழாய் செங்கால் கட்டையின் பாரத்தில் தொய்வதைப் பக்கவாட்டில் நின்று பார்த்தால் வெறுங்கண்ணாலேயே காணலாம்.

ஆகவே செய்வது என்று முடிவானது. எதனால் செய்வது என்பதில் நம் நாட்டின் ஈரக்காற்றைக் கணக்கில் எடுக்க வேண்டும். பழைய அலமாரியிலிருந்து கழற்றிய மரத்தூள் பலகையை மேற்பலகையாகப் போடுவது மலிவான வழி. ஆனால் போர்ச்சில் சாரல் அடிக்கும். விளிம்பில் நீர் பட்ட இடத்தில் அந்தப் பலகை ஊதி மேடுதட்டும். தாள் கனத்துக்குக் கணக்குப் பார்க்கும் இடத்தில் ஊதும் பொருளுக்கு வேலையில்லை. 18 மி.மீ. பிளைவுட் போதும், ஆனால் அறுத்த விளிம்புகள் அனைத்துக்கும், குறிப்பாகத் துளைகளின் உட்புறத்துக்கும், வார்னிஷோ பெயின்ட்டோ இரண்டு பூச்சு அடிக்க வேண்டும். பொருள் அடுக்கப் பயன்படும் துளையிட்ட ஆங்கிள் சட்டங்களைப் போல்ட் போட்டு இணைத்துச் சிலர் ஸ்டாண்டு செய்கிறார்கள். மேலிருந்து வரும் பாரத்தை அது நன்றாகத் தாங்கும். ஸ்லைடிங் ரம்பத்தின் தலையை முன்னும் பின்னும் தள்ளும்போதோ முழுச் சட்டமும் கூடவே ஆடும். பின்புறமும் இரு பக்கங்களும் மூலைவிட்டச் சட்டம் அடித்தால்தான் அது அடங்கும்.

நான் தேர்ந்தெடுத்தது இரும்புச் சதுரக் குழாய். பினாங்கில் எந்தப் பேட்டையிலும் வீட்டு ஜன்னலுக்கும் கேட்டுக்கும் கிரில் அடிக்கும் பட்டறை ஒன்றாவது இருக்கும். ஒன்றரை அங்குலக் குழாயை அளவுக்கு அறுத்து வெல்டிங் செய்வது அவர்களுக்குத் தினசரி வேலை. படத்தை மி.மீ. கணக்கில் வரைந்து கொடுத்துவிட்டு, பட்டறை முதலாளியான தவுக்கேயிடம் ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தேன்: எல்லா மூலைகளிலும் முதலில் பொட்டுப் பொட்டாக ஒட்டி, குறுக்கு மூலைவிட்டங்கள் இரண்டையும் அளந்து சமம் என்று கண்ட பிறகே முழுவதும் வெல்டிங் செய்ய வேண்டும் என்பது. வெல்டிங் சூட்டில் இரும்பு இழுத்துக்கொள்ளும். ஒரு மூலையை முழுவதும் முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனால் சட்டம் முறுக்கிக்கொள்ளும். ஜன்னல் கிரில்லில் அந்த முறுக்கு சுவரில் பதித்தவுடன் மறைந்துவிடும், ஸ்டாண்டில் மறையாது.

படத்தைப் பட்டறைக்குக் கொண்டு போகும் முன்பு, ஆயர் ஈத்தாமில் இருக்கும் மூத்த தச்சர் ஒருவரிடம் காட்டினேன். அவர் காலத்தில் கோணத்துக்கு வழிகாட்டும் மைட்டர் பெட்டியும் கைரம்பமும்தான். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படத்தை வெகுநேரம் பார்த்தார்.

“கால நேரா எறக்கியிருக்கீங்களே தம்பி. மேல எட்டடி, கீழ நாலடியா? நீளக்கட்டய ஒரு பக்கம் வச்சா கவுந்துருமே.”

“ரம்பம் நடுவுல இருக்கு அண்ணே, அந்தக் கனம் புடிச்சுக்காதா?”

“ரம்பம் இருவத்தஞ்சு கிலோ. அது நடுவுல. கட்ட பதினஞ்சு கிலோ, ஆனா அது நுனியில. எது ஜெயிக்கும்னு நீங்களே சொல்லுங்க.”

நெம்புகோல் விதியை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. கால்களை நீளவாட்டில் வெளிப்புறமாகச் சாய்த்து, தரையில் படும் அகலத்தைக் கூட்டியதோடு, நீட்டப்பட்ட நிலையில் பக்கத் தாங்கிகள் இரண்டுக்கும் தரை வரை இறங்கும் தனிக் கால் ஒன்றை மடக்குக் கீலில் பொருத்தச் சொன்னேன். மடக்கும்போது கால் தாங்கியின் அடிப்புறத்தில் ஒட்டிக்கொள்ளும். தாங்கி கீழே தொங்கும். முழு ஸ்டாண்டும் சுவரோரத்தில் அடங்கிவிடும்.

உயரத்தைக் கணக்கிடும்போது ஸ்டாண்டின் உயரத்தை மட்டும் பார்க்கக் கூடாது. ரம்பத்தின் தளம் அதன் அடிப்பாதத்திலிருந்து பல மாடல்களில் 80 முதல் 100 மி.மீ. வரை உயர்ந்திருக்கும். நின்ற நிலையில் கையைத் தளர்வாகத் தொங்கவிட்டால் மணிக்கட்டு வரும் உயரத்துக்குச் சற்று மேலே கட்டை இருந்தால் முதுகு வலிக்காது. என் உயரத்துக்கு அது 900 மி.மீ. ரம்பத் தளத்துக்கான 90 மி.மீ.யைக் கழித்து, ரம்பம் உட்காரும் சட்டத்தை 810 மி.மீ. உயரத்தில் வைத்தேன். வீட்டில் ஏற்கெனவே ஒரு வேலை மேசை இருந்தால், ரம்பத் தளத்தை அதன் உயரத்துக்கே சமமாக்கிக்கொள்வது இன்னும் புத்திசாலித்தனம், ஏனென்றால் 16 அடிக் கட்டை வரும் நாளில் மேசையும் ஒரு தாங்கியாகிவிடும்.

பக்கத் தாங்கியின் மேற்பலகை நேரடியாக இரும்புச் சட்டத்தில் உட்காரவில்லை. சட்டத்தின் நான்கு மூலைகளிலும் நட்டுகளை வெல்டிங் செய்து, அவற்றின் வழியாக 10 மி.மீ. போல்ட்டுகளைக் கீழிருந்து மேலே ஏற்றி, அவற்றின் நுனிகளில் பிளைவுட்டை உட்கார வைத்திருக்கிறேன். சாதாரண 10 மி.மீ. போல்ட்டின் புரி ஒரு சுற்றுக்கு 1.5 மி.மீ. உயரும், கால் சுற்றுக்கு 0.4 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. இவ்வளவு நுணுக்கம் கையில் கிடைக்கும்போது தாங்கியைச் சரிசெய்வது பொறுமை மட்டும் தேவைப்படும் வேலையாகிவிடுகிறது. ஆறடி அலுமினியச் சட்டம் ஒன்றை ரம்பத் தளத்தில் ஒரு பகுதியும் தாங்கியின்மேல் மீதியுமாக வைத்து, கைப்பிடி அருகே தளத்தோடு அழுத்திப் பிடிக்க வேண்டும். பிறகு அச்சுப்பொறியில் போடும் சாதாரணத் தாள் ஒன்றை, அது ஏறத்தாழ 0.1 மி.மீ. கனம் இருக்கும், சட்டத்துக்கும் தாங்கிக்கும் நடுவே செருகி இழுக்க வேண்டும். தாள் உள்ளே போகவே மறுத்தால் தாங்கி உயரம். காற்றில் வருவதுபோல் வந்தால் தாழ்வு. இலேசாக உரசும் ஒலியோடு வந்தால் அந்த மூலை முடிந்தது. முன்னோரம், பின்னோரம், ரம்பத்தை ஒட்டிய முனை, தூர முனை என்று எல்லா இடத்திலும் ஒரே உரசல் கேட்கும் வரை போல்ட்டுகளைத் திருப்பி, கடைசியில் பூட்டு நட்டை இறுக்க வேண்டும். பூட்டு நட்டை இறுக்கும்போது போல்ட்டும் ஒரு மயிரிழை சுழலும் என்பதால், இறுக்கிய பிறகு மறுபடி ஒருமுறை தாளை இழுத்துப் பார்ப்பது அவசியம்.

இதையெல்லாம் ரம்பத்தை நான்கு துளைகளிலும் போல்ட் போட்டு இறுக்கிய பிறகுதான் செய்ய வேண்டும். இறுக்காமல் சும்மா வைத்த ஸ்லைடிங் ரம்பம், தலையை முழுவதும் முன்னால் இழுக்கும்போது முன்பக்கம் கவிழப் பார்க்கும்.

எங்கள் ஊர்க் கார் போர்ச்சுகளின் தரை சமமாக இருப்பதில்லை. மழைநீர் வடிகாலுக்கு ஓடும்படி வாசல் பக்கம் சரிவாகவே பூசியிருப்பார்கள். என் போர்ச்சில் ஒரு மீட்டருக்கு ஒரு செ.மீ. சரிவு. ஸ்டாண்டு சாய்ந்திருந்தாலும் வெட்டு கோணலாகாது, ஏனென்றால் பிளேடும் தளமும் தாங்கியும் சேர்ந்துதான் சாய்கின்றன. ரசமட்டம் வைத்துப் பார்த்து மனம் வருந்துகிறவர்கள் இதை நினைவில் கொள்ளலாம். சரிவின் உண்மையான தொல்லை சக்கரத்தில்தான் இருக்கிறது. பிரேக் போட்ட சக்கரமும் பளிங்குத் தரையில் சறுக்கும். ஆகையால் லோரோங் கூலிட் சந்தையில் பழைய சக்கரங்களைப் பொறுக்கி, ஒரு முனையில் இரண்டை மட்டும், தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி பொருத்தினேன். மறுமுனையைத் தூக்கித் தள்ளுவண்டிபோல் நகர்த்தும்போதுதான் அவை உருளும். இறக்கி வைத்ததும் ரப்பர் பாதங்கள் நான்கும் தரையைப் பற்றிக்கொள்ளும். அந்தப் பாதங்களும் திருகி உயர்த்தக்கூடியவை, ஆகவே ஆட்டம் இருந்தால் அட்டை செருக வேண்டிய அவசியமில்லை.

அடுத்தது ஃபென்ஸ், அதாவது கட்டையின் முதுகு சாய்ந்து நிற்கும் செங்குத்துத் தகடு. ரம்பத்தின் ஃபென்ஸை அப்படியே நேர்கோட்டில் நீட்டித் தாங்கியிலும் பலகை அடிப்பது பலர் செய்வது. இரண்டும் துல்லியமாக ஒரே கோட்டில் இருக்கும் வரை அது சரிதான். பிளைவுட் ஈரத்தில் சற்று அசைந்து, நீட்டிய ஃபென்ஸ் அரை மி.மீ. முன்னே வந்தாலும், கட்டை ரம்பத்தின் ஃபென்ஸை விட்டு விலகி நிற்கும். 90 பாகை வெட்டு 90 ஆக இருக்காது. நான் தாங்கியின் ஃபென்ஸை வேண்டுமென்றே 2 மி.மீ. பின்னுக்குத் தள்ளி வைத்திருக்கிறேன். கட்டைக்கு வழிகாட்டுவது ரம்பத்தின் ஃபென்ஸ் மட்டும். என் பின்னுக்குத் தள்ளிய பலகைக்கு ஒரே வேலை, கட்டையின் முனை முட்டி நிற்கும் ஸ்டாப் பிளாக்கைப் பிடித்துக்கொள்வது.

ஸ்டாண்டு செய்ததன் பலனை அதிகம் உணர்வது இந்த ஸ்டாப் பிளாக்கில்தான். சாமி மேடையின் இரு பக்கத் தூண்களும், கதவுச் சட்டத்தின் எதிரெதிர்ப் பக்கங்களும் ஒரே நீளமாக இருக்க வேண்டும். நீளம் 3 மி.மீ. கூடினாலும் குறைந்தாலும் பெரும்பாலும் பாதகமில்லை, ஒன்றுக்கொன்று வேறுபட்டால் சட்டம் சாய்சதுரமாகிவிடும். பென்சில் கோடு போட்டு ஒவ்வொன்றாக அறுத்தால் இந்த ஒற்றுமை வராது. கெட்டியான மரத்துண்டு ஒன்றைத் தாங்கியின் ஃபென்ஸில் கிளாம்ப் போட்டு இறுக்கி, கட்டையின் முனையை அதில் முட்டவிட்டு அறுத்தால் எத்தனை துண்டு வேண்டுமானாலும் அச்சில் வார்த்தது போல வரும். அந்தத் துண்டின் கீழ் விளிம்பை உளியால் சற்றுச் சீவிவிட வேண்டும். இல்லாவிட்டால் மரத்தூள் அங்கே சேர்ந்து, ஒவ்வொரு வெட்டுக்கும் கட்டையை ஒரு இழை தள்ளி நிறுத்தும்.

பாதுகாப்பு பற்றி இந்த இடத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். ஸ்டாப் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்க வேண்டும். வெட்டுப்பட்டு விழும் துண்டின் பக்கம் எதுவும் முட்டக் கூடாது. ஸ்டாப்புக்கும் பிளேடுக்கும் நடுவே இருக்கும் துண்டைக் கையாலோ கிளாம்பாலோ உறுதியாகப் பிடிக்க முடியாத அளவுக்கு அது குட்டையாக இருந்தால், அந்த வேலைக்கு ஸ்டாப்பைப் பயன்படுத்தவே கூடாது. பிடிப்பில்லாத துண்டு பிளேடுக்கும் ஸ்டாப்புக்கும் நடுவே சிக்கித் துள்ளும்போது, அது போகும் திசையை யாராலும் சொல்ல முடியாது. கை பிளேடிலிருந்து 15 செ.மீ. தள்ளி இருக்க வேண்டும் என்பதை நான் தாங்கியிலேயே சிவப்புப் பட்டையாக ஒட்டி வைத்திருக்கிறேன். பிளேடு முழுவதும் நின்ற பிறகே தலையை மேலே தூக்க வேண்டும்.

ஸ்லைடிங் ரம்பம் வைத்திருப்பவர்கள் பின்பக்க இடத்தையும் அளந்துகொள்ள வேண்டும். தலையைப் பின்னுக்குத் தள்ளும்போது பல மாடல்களில் தண்டுகள் ரம்பத்தின் முதுகுக்குப் பின்னால் ஓரடிக்குக் குறையாமல் நீளும். சுவரை ஒட்டி ஸ்டாண்டு வைக்க நினைத்தவர்களின் திட்டம் அங்கே முடிந்துவிடும். தண்டுகள் அசையாமல் தலை மட்டும் நகரும் மாடல்களும், மடங்கும் கைகள் உள்ள பாஷ் மாடல்களும் இந்த இடத்தை மிச்சப்படுத்துகின்றன, விலைதான் கூடுதல்.

தூளைப் பற்றி அலட்சியம் வேண்டாம். ரம்பத்தோடு வரும் பை, தூளில் ஒரு பகுதியை மட்டுமே பிடிக்கும். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இல் மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்திருக்கிறது. ரம்பத்தின் பின்னால் கெட்டியான தார்ப்பாயில் மூன்று பக்கம் மூடிய கூடாரம் ஒன்றைக் கட்டி, அடியில் வேக்குவம் குழாயைச் செருகியிருக்கிறேன், முகக்கவசமும் போடுகிறேன். காற்று கடல் பக்கமிருந்து வீசும் பிற்பகலில், கூடாரம் இல்லாவிட்டால் அடுத்த வீட்டு மக்சிக் (மலாய் அம்மா) காயப்போட்ட துணியெல்லாம் நியாத்தோ மரத்தின் நிறத்துக்கு வந்துவிடும். சத்தமும் அவரைத்தான் முதலில் எட்டும், ஆகவே வெள்ளிக்கிழமை நண்பகலிலும், பிள்ளைகள் தூங்கும் நேரத்திலும் ரம்பத்தை எடுப்பதில்லை.

மின்சாரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1,800 வாட் ரம்பம் நம் 230 வோல்ட்டில் ஓடும்போது எட்டு ஆம்பியருக்குச் சற்றுக் குறைவாக இழுக்கும், தொடங்கும் நொடியில் அதைவிடப் பல மடங்கு. மெல்லிய கம்பியுள்ள நீட்டிப்பு வயர் சூடாகும், 1.5 சதுர மி.மீ. கம்பியும் மலேசியத் தரநிர்ணய அமைப்பான சிரிமின் முத்திரையும் உள்ள வயரை, சுருளை முழுவதும் பிரித்துவிட்டுப் பயன்படுத்த வேண்டும்.

செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை பினாங்கில் மழை கனக்கும் மாதங்கள். அந்தப் பருவம் தொடங்கும்போதும் முடிந்த பிறகும் தாளை எடுத்துத் தாங்கிகளை மறுபடி சரிபார்க்கிறேன். பூச்சு நன்றாக இருந்தாலும் பிளைவுட் சிறிதளவு அசையத்தான் செய்கிறது, கால் சுற்று, அரைச் சுற்று என்று ஏதாவது ஒரு போல்ட் திருத்தம் கேட்கும். ரம்பத்தை மாற்றினாலும் இதே வேலைதான்: புது ரம்பத்தின் தளம் பழையதைவிட 5 மி.மீ. உயரமோ தாழ்வோ இருக்கலாம், போல்ட்டில் அதற்கு இடம் விட்டிருந்தால் ஸ்டாண்டைப் பட்டறைக்குத் தூக்கிப் போக வேண்டியதில்லை. நான் மேலும் கீழும் 15 மி.மீ. விட்டிருக்கிறேன்.